மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் கிட்டார்



பாட்டே இல்லாத ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் ‘தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’. 1971 ஆகஸ்டில் நியூயார்க்கில் பதிவாகி, அதே ஆண்டு நவம்பரில் கொலம்பியா நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. வாசித்தவர்கள் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. பெயரில் ஆர்கெஸ்ட்ரா என்று இருக்கிறதே தவிர, ஆட்கள் ஐந்தே பேர். கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் ஜெர்ரி குட்மன், கீபோர்டு யான் ஹாமர், பேஸ் கிட்டார் ரிக் லேர்ட், டிரம்ஸ் பில்லி காபம். எட்டு உருப்படிகள், மொத்தம் சுமார் 46 நிமிடம். எட்டையும் இயற்றியவர் மெக்லாஃப்லின்.

இந்தத் தட்டைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வேகத்தைத்தான் சொல்வார்கள். அதில் தவறில்லை. ‘தி நூன்வர்டு ரேஸ்’ என்ற மூன்றாவது உருப்படியைக் கேட்டால் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுவது கேட்கும். அன்றைக்கு ராக் உலகத்தில் யாரும் கிட்டாரில் அவ்வளவு வேகமாகவும், அவ்வளவு துல்லியமாகவும், அவ்வளவு உரக்கவும் சேர்த்து வாசித்ததில்லை. இளைஞர்கள் அதைக் கேட்டு மலைத்துப்போனார்கள். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து வேகம் எங்கும் கிடைக்கிறது. வீட்டு அறையில் உட்கார்ந்து அதைவிட வேகமாக வாசிக்கும் பிள்ளைகள் இன்று எத்தனையோ பேர். அப்படியிருந்தும் இந்தத் தட்டு பழசாகவில்லை. ஏன் என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தட்டின் உயிர் கிட்டாரின் தனி வாசிப்பில் இல்லை, அதற்கு அடியில் ஓடும் மீட்டலில் இருக்கிறது. மேற்கத்திய இசையில் மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிப்பதைக் கார்ட் என்கிறோம். அதை ஒரேயடியாகத் தட்டாமல் ஒவ்வொரு தந்தியாக, ஒன்றன்பின் ஒன்றாக மீட்டினால் ஆர்பெஜியோ. கிட்டார் கற்கும் பிள்ளை முதல் மாதத்தில் பழகுகிற பாடம் அது. பொதுவாக ஒரு பாட்டுக்குப் பின்னால் மெத்தென்று விரித்துப்போடுகிற விஷயம். மெக்லாஃப்லின் அதை எடுத்துத் தன் கட்டடத்துக்கே அஸ்திவாரமாக்கினார். அதில் இனிமையான கார்டுகளை வைக்கவில்லை. ஒன்றோடொன்று உரசுகிற, எங்கே போய் முடியும் என்று சொல்லாத ஸ்வரங்களைக் கோத்தார். அதை வழக்கமில்லாத தாளங்களில் சுழல விட்டார். மற்ற நால்வரும் நிற்பது அந்தச் சுழற்சியின் மேல்தான்.

அவர் எங்கிருந்து இங்கே வந்தார் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பிறந்தது 1942இல், இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் உள்ள டான்காஸ்டரில். அம்மா வயலின் வாசிப்பவர். பதினோரு வயதில் கிட்டார் கைக்கு வந்தது. ப்ளூஸ், ஃபிளெமெங்கோ, ஜாஸ் என்று எல்லாம் காதில் விழுந்து வளர்ந்தவர், 1960களில் லண்டனில் ஸ்டுடியோ வேலையும் குழு வேலையுமாகக் காலம் தள்ளினார். 1969 தொடக்கத்தில் டிரம்ஸ் மேதை டோனி வில்லியம்ஸ் தன் ‘லைஃப்டைம்’ குழுவுக்காக அவரை நியூயார்க்குக்கு அழைத்தார். வந்து இறங்கிய சில நாட்களிலேயே, பிப்ரவரி 18ஆம் தேதி, ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பதிவைப் பற்றி மெக்லாஃப்லின் பலமுறை சொன்ன ஒரு செய்தி உண்டு. கிட்டார் வாசிக்கவே தெரியாதவனைப் போல வாசிக்கும்படி மைல்ஸ் அவரிடம் சொன்னாராம். மைல்ஸ் அப்படிப் புதிர் போடுகிற ஆள். திகைத்துப்போன மெக்லாஃப்லின் ஒரு சாதாரணக் கார்டைப் பிடித்து, அதன் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி மீட்டினார். அந்தத் தட்டைப் போட்டுக் கேளுங்கள், அந்தத் தயக்கம் அப்படியே பதிவாகியிருக்கிறது. என் கணிப்பில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் விதை அங்கேதான் விழுந்தது. தன் வித்தை முழுவதையும் ஒதுக்கிவைத்துவிட்டு, நாலு ஸ்வரத்தை நிதானமாக வைத்தால் சுற்றியிருப்பவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்பதை அவர் அன்று கேட்டார். சொந்தமாக ஒரு குழு தொடங்கும்படி பிறகு அவரிடம் சொன்னவரும் மைல்ஸ்தான்.

தொடங்கினார். 1971இல் அவர் சேர்த்த ஆட்களைப் பாருங்கள். காபம் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். ஹாமர் பிராகில் பிறந்தவர், 1968இல் சோவியத் டாங்கிகள் அங்கே நுழைந்த பிறகு அமெரிக்கா வந்தவர். லேர்ட் டப்ளின்காரர், லண்டனில் ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் மன்றத்தில் யார் வந்தாலும் பின்னணி வாசித்துத் தேர்ந்தவர். குட்மன் சிகாகோவின் ‘தி ஃபிளாக்’ என்ற ராக் குழுவில் இருந்தவர். ஐந்து பேரும் ஐந்து திசையிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் பொதுவாக ஒரு பாணி கிடையாது. பொதுவாக இருந்தது தாளத்தை எண்ணும் கணக்கு ஒன்றுதான்.

இது ஜாஸா, ராக்கா, புரோகிரசிவ் ராக்கா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்பதற்கு மேல் அந்தக் கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. நீண்ட கட்டமைப்பு, மாறும் தாளங்கள், மார்ஷல் ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருப்பி வைத்த சத்தம் எல்லாம் ராக்கிலிருந்து வந்தவை. ஒருவர் சொன்னதை மற்றவர் அந்தக் கணத்திலேயே வாங்கிப் பதில் சொல்வது ஜாஸிலிருந்து வந்தது. மேடையில் மெக்லாஃப்லின் கையில் இரட்டைக் கழுத்துள்ள கிப்சன் கிட்டார் இருக்கும். ஒரு கழுத்தில் ஆறு தந்தி, இன்னொன்றில் பன்னிரண்டு தந்தி. தனி வாசிப்புக்கு ஆறு, மீட்டலுக்குப் பன்னிரண்டு. மீட்டலுக்கென்றே அவ்வளவு கனமான வாத்தியத்தைத் தோளில் சுமந்தார் என்பதிலிருந்தே அது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறது.

இப்போது ஓர் உருப்படியை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்ப்போம். ஆறாவது உருப்படி, ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’. ஏழு நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

(இசைத்தட்டின் தொடக்கப் பகுதி ஒலிக்கிறது.)

கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். பத்து அக்ஷரம் உள்ள ஒரு சுற்று. ஆளுக்கு ஆள் எண்ணும் விதம் மாறும், நான் எண்ணுவது இப்படி. ஸ்வரங்கள் மேலே ஏறி, சற்று நின்று, வேறொரு கார்டுக்கு நழுவுகின்றன. எங்குமே ‘வீட்டுக்கு வந்துவிட்டோம்’ என்ற நிம்மதி வருவதில்லை. கச்சேரியில் ஆதார சட்ஜம் காதில் ஓடிக்கொண்டே இருக்கும் நமக்கு இது முதலில் தவிப்பாகத்தான் இருக்கும். அந்தத் தவிப்பு வேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார். வயலின் அதன் மேல் வந்து சேர்கிறது, பிறகு டிரம்ஸ். சத்தம் ஏறுகிறது. மீட்டலோ மாறாமல் அதே பத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது.

திடீரென்று காட்சி மாறுகிறது.

(தொடர்ந்து ஒலிக்கிறது.)

இது ப்ளூஸ். மிசிசிப்பி கரையிலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறி வந்த அந்தப் பழைய ஷஃபிள் நடை. கால் தானாக ஆடும். அதன் நடை திஸ்ரம், மூன்று மூன்றாகச் சற்றே நொண்டிக்கொண்டு போகும். ஆனால் உங்களில் சிலர் தட்டுவதில் தடுமாறியதைப் பார்த்தேன். தடுமாறியது உங்கள் குறையல்ல. அந்தச் சுற்றை எண்ணிப் பாருங்கள். மூன்று மூன்றாக ஆறு அடி, ஆக மொத்தம் பதினெட்டு. ஏழாவது அடியும் மூன்றாகத்தான் வரும் என்று கால் எதிர்பார்க்கிறது. இரண்டிலேயே நிறுத்திவிட்டு எடுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். பதினெட்டும் இரண்டும் இருபது.

(கையால் தட்டிக் காட்டுகிறார்.)

ஒரே ஓர் அக்ஷரம் குறைகிறது. அந்த ஒன்று குறைவதால் ஒவ்வொரு சுற்றிலும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல இசை முன்னால் விழுகிறது. அதன் மேல்தான் குட்மனின் வயலின் கிராமத்துக் குத்தாட்டம் போல ஆடுகிறது, அதன் மேல்தான் மெக்லாஃப்லினின் தனி வாசிப்பும் வருகிறது. கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இருபதை எண்ணுவதில்லை. ஏதோ இழுக்கிறது, ஏதோ உந்துகிறது என்று மட்டும் உணர்கிறார்கள்.

இனிதான் முக்கியமான இடம். ஷஃபிள் ஓடிக்கொண்டே இருக்கும்போது, தொடக்கத்தில் கேட்ட அந்தக் கரடுமுரடான மீட்டல் மெல்லத் திரும்பி வருகிறது. ப்ளூஸ் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. மீட்டலின் சுற்று பத்து, ஷஃபிளின் சுற்று இருபது. அங்கே இரண்டு சுற்று முடியும்போது இங்கே ஒன்று முடிகிறது, இரண்டும் சமத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை என்று நாம் நினைத்த இரண்டு இசைகளும், ஒன்று நிம்மதியில்லாதது, மற்றொன்று கூத்தாடுவது, ஆரம்பத்திலிருந்தே ஒரே கணக்கில்தான் இருந்திருக்கின்றன. மாயையின் நடனம் என்று பெயர் வைத்தது வெறும் அலங்காரத்துக்கு இல்லை. பெயர் சொல்வதை இசை செய்து காட்டுகிறது. எனக்கு இந்த நூற்றாண்டு இசையிலும் சென்ற நூற்றாண்டு இசையிலும் மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

கோர்வை வைக்கும் மிருதங்க வித்வானுக்கு இது புரியும். அதனால்தான் நம் ஊரில் இந்தத் தட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு பேச்சு எழும்: “இது நம்ம தாளம்தானே, நம்மிடமிருந்து எடுத்ததுதானே?” இதை நான் வலுவாக மறுக்க விரும்புகிறேன். இந்தத் தட்டு அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையிலிருந்து பிறந்தது. மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஆகிய மூவரும் இல்லாமல் இது கிடையாது. ஷஃபிளை எடுத்துவிட்டால் ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’வில் மிஞ்சுவது பாதிதான். இந்தியாவின் மீது மெக்லாஃப்லினுக்கு அப்போதே ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. ‘மகாவிஷ்ணு’ என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மய் சூட்டிய பெயர். வங்காளத்தில் பிறந்த ஸ்ரீ சின்மய் 1964இல் நியூயார்க்குக்குப் போகும் முன் இருபது ஆண்டுகள் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். கச்சேரி தொடங்கும் முன் வெள்ளை உடையில் கைகூப்பி நின்று, கூட்டத்திடம் சில நொடி மௌனம் கேட்பார் மெக்லாஃப்லின். ராக் ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே அதைக் கேட்டு வாங்குவதற்குத் துணிவு வேண்டும்.

அதெல்லாம் பக்தி, வாழ்க்கைமுறை. இசையில் நம் ஊரோடு உண்மையான தொடர்பு சற்றுப் பிந்தித்தான் வருகிறது, அதைச் சரியான இடத்தில் சொல்வதுதான் நியாயம். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை கற்றார். அதே வெஸ்லியனில்தான் வயலின் எல். சங்கரோடு அறிமுகம். அதன் பலன் ‘சக்தி’ குழு. அதில் சங்கர், தபேலா ஜாகிர் ஹுசைன், மிருதங்கம் ஆர். ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். சக்திக்காக மெக்லாஃப்லின் செய்துகொண்ட கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும், தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க வசதியாக. ஒலித்துளைக்கு மேலே குறுக்காக ஏழு தந்திகள், ஸ்ருதிக்கு. அங்கே நம் இசையை முறையாகக் கற்று, குருவின் பெயரைச் சொல்லி வாசித்தார். அந்த மரியாதையை மதிக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய தட்டில் இல்லாததை இருப்பதாக நாம் உரிமை கொண்டாடக் கூடாது.

மறுபடி கிட்டாருக்கு வருகிறேன். ஏழாவது உருப்படி ‘யூ நோ, யூ நோ’. இந்தத் தட்டில் மிகக் குறைவான ஸ்வரங்கள் உள்ள உருப்படி இதுதான், எனக்கு மிக நெருக்கமானதும் இதுதான். கிட்டார் ஒரு சிறிய மீட்டலைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிடம் அவ்வளவுதான். மேலே ஒன்றிரண்டு சொற்றொடர்கள் எழுந்து அடங்குகின்றன. தனி வாசிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் கிட்டாருக்குக் கிடையாது. காபம் இடையிடையே இடி போல வெடிக்கிறார், உடனே காணாமல் போகிறார். ‘இப்போது வரும்’ என்று காத்திருந்தால் வராது, விட்டுவிட்டால் வரும். முந்தைய உருப்படிகளில் மின்னலாக ஓடிய அதே விரல்கள் இங்கே தங்களை அடக்கிக்கொண்டு மற்றவர்களுக்குத் தரையாக நிற்கின்றன. ராக் கிட்டார் வரலாற்றில் இத்தகைய அடக்கம் அபூர்வம். இருபது ஆண்டு கழித்து, 1991இல், பிரிட்டனின் ‘மாசிவ் அட்டாக்’ குழு தங்கள் ‘ஒன் லவ்’ பாட்டுக்கு இந்த மீட்டலைத்தான் எடுத்துக்கொண்டது. 

‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’ பற்றி ஒரு வார்த்தை. அதில் டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, ஆம்ப்ளிஃபையர் சத்தம் இல்லை. மரக் கிட்டார், வயலின், பியானோ. மூவரும் தாளத்தின் பிடி தளர்ந்து மூச்சு விடுவது போல வாசிக்கிறார்கள். அழகுதான். ஆனால் தனியாக எடுத்துக் கேட்பதைவிட, ‘நூன்வர்டு ரேஸ்’ ஓட்டம் முடிந்த கையோடு கேட்டால்தான் அதன் அருமை தெரியும். ‘டான்’ என்ற இரண்டாவது உருப்படி ஏழு எண்ணிக்கையில் மெதுவாக நடக்கிறது. மிஸ்ர சாபு பழகியவர்களுக்கு அதில் எந்தச் சிரமமும் இருக்காது. ‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ ஒன்பதில். காபம் தனியாகத் தொடங்கும் அந்த முதல் சில நொடிகளுக்காகவே டிரம்ஸ் கற்கத் தொடங்கியவர்கள் உண்டு.

இசைத்தட்டு அமெரிக்காவின் பில்போர்டு பொதுப் பட்டியலில் 89ஆம் இடம் வரை போனது. 1973இல் வந்த அடுத்த தட்டு ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 15ஆம் இடம் வரை போனது. பாட்டே இல்லாத, வழக்கமில்லாத தாளங்களில் ஓடும் இசைக்கு இது பெரிய வெற்றி. ஜெஃப் பெக் போன்ற கிட்டார் கலைஞர் பாடகர் இல்லாமலேயே ஒரு தட்டு போடலாம் என்று துணிந்ததற்கும், பின்னாளில் யான் ஹாமரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதற்கும் பின்னால் இந்தக் குழுவின் பாதிப்பு இருக்கிறது.

அந்த வெற்றியின் உச்சியிலேயே குழு உடைந்தது. 1973 முடியும்போது இந்த ஐவரும் பிரிந்துவிட்டார்கள். ஓயாத பயணம், களைப்பு, குருவின் வழியில் ஒருவர் மட்டும் நடந்தது என்று பல காரணங்கள் சொல்வார்கள். அவற்றில் ஒன்று நம் பேச்சுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. இயற்றியவர் என்ற இடத்தில் எப்போதும் ஒரே பெயர் இருந்தது. ஹாமரும் குட்மனும் லேர்டும் தங்கள் உருப்படிகளும் வர வேண்டும் என்றார்கள். 1973 ஜூனில் லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில் அவர்களுடைய படைப்புகளையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். ஆனால் ஒற்றுமை குலைந்திருந்தது, அந்தப் பதிவு கிடப்பில் போடப்பட்டு 1999இல்தான் வெளிவந்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது சுலபமில்லை. தாளில் எழுதப்பட்ட ஸ்வரங்கள் மெக்லாஃப்லினுடையவை, அதில் ஐயமில்லை. ஆனால் ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’வின் அந்த இருபதின் சுற்றைக் காபம் தவிர வேறு யார் வாசித்திருந்தாலும் அது வெறும் கணக்காகத்தான் நின்றிருக்கும். மீட்டலை மாறாமல் வைத்திருப்பது மற்றவர்களுக்கு அவ்வளவு இடம் கொடுக்கிறது. அவ்வளவு இடம் கிடைத்த நால்வரும் அதைத் தங்களுடையதாகவும் நினைத்தார்கள். நினைத்தது இயல்பு. பெயர் போட்டுக்கொள்வதில் இல்லாத சமத்துவம் வாசிப்பில் இருந்தது என்பதே என் கருத்து. முதல் தட்டில் இந்த இரண்டுக்கும் இடையே இன்னும் விரிசல் விழவில்லை. அதனால்தான் பட்டியலில் மேலே போன ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தட்டைவிட இதை ஒரு படி உயர்வாக வைக்கிறேன்.

நேரம் இருக்கிறது. ‘யூ நோ, யூ நோ’ உருப்படியை முழுவதுமாகப் போடச் சொல்லியிருக்கிறேன், ஐந்து நிமிடம். தாளம் போடுபவர்கள் போடலாம். கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை போங்கள், டிரம்ஸ் வெடிக்கும்போதும் அதை விட்டுவிடாதீர்கள். அதன் பிறகு கேள்விகளுக்கு வருவோம்.